இரண்டு சம்பந்திகளும் ஒரு கதவும்

மகள் வீட்டில் விருந்தாளிக்கென்று இருப்பது ஒரே ஒரு கட்டில். சமையலறையை ஒட்டிய சின்ன அறையில், ஒருத்தர் படுத்தால் இன்னொருத்தர் நிற்கத்தான் இடம் என்கிற மாதிரி போட்டிருந்தது. போன வாரம் பேத்தி பிறந்த செய்தி கேட்டு, இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு தாத்தாக்களும் பெட்டியோடு வந்து இறங்கியதிலிருந்து, அந்த வீட்டின் முழுப் பிரச்சினையும் அந்தக் கட்டில்தான்.

பெண்ணைப் பெற்றவர் தையற்காரர். பிள்ளையைப் பெற்றவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு பேருக்கும் மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. இரண்டு பேர் வீட்டிலும் சாயங்காலத்துக்கு மேல் பேசுவது தொலைக்காட்சி மட்டும்தான்.

மகள் ஆஸ்பத்திரியில் இருந்தவரை மருமகனும் அங்கேயே தங்கினார். அதனால் ஒரு சம்பந்தி கட்டிலிலும் ஒரு சம்பந்தி கூடத்து சோபாவிலும் மாற்றி மாற்றிப் படுத்துச் சமாளித்தார்கள். இன்று சாயங்காலம் தாயும் சேயும் வீட்டுக்கு வருகிறார்கள். இனிமேல் சோபா மருமகனுக்கு. விடியும்போதே வேலைக்கு ஓடுகிற மனிதர், அவருக்குத் தூக்கம் வேண்டும். ஆக, ஒரு தாத்தா இருக்கலாம். ஒரு தாத்தா கிளம்ப வேண்டும். யார் என்பதை மகள் வந்து சொல்வாள் என்று மருமகன் பட்டும் படாமலும் சொல்லிவிட்டார்.

இதைப் பற்றிச் சம்பந்திகள் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசினால் மரியாதையா? அதற்குப் பதிலாக, இரண்டு பேரும் வீட்டு வேலையில் இறங்கினார்கள். இவர் பெருக்கிய கூடத்தை அவர் துடைத்தார். அவர் துடைத்த அலமாரியை இவர் அடுக்கினார். ஒரே டம்ளரை இரண்டு பேரும் கழுவினார்கள். அந்த வீடு கட்டிய நாளிலிருந்து அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

காலையில் உடை மாற்ற வீட்டுக்கு வந்த மருமகன், படுக்கையறைக் கதவைத் தள்ளினார். கதவு பாதி வரை வந்து, தரையைப் பிறாண்டி, காது கூசும்படி கிறீச்சிட்டு நின்றது.

"இது ஒண்ணு," என்று தலையில் கை வைத்தார் அவர். "மழைக்கு உப்பிப் போச்சு. தையல் போட்ட வயிறு, அவளால இதைத் தள்ளவே முடியாது. இந்தச் சத்தத்துக்குக் குழந்தையும் தூங்காது. தச்சரை வரச் சொல்லியிருக்கேன், வந்து அடியில கொஞ்சம் இழைச்சுக் குடுத்துடுவாரு. நீங்க ரெண்டு பேரும் இருந்து பாத்துக்கங்க."

"நான் பாத்துக்கறேன் மாப்பிள்ளை," என்றார் தையற்காரர்.

"நான் இருக்கேன்ல," என்றார் டிரைவர் அதே நேரத்தில்.

மருமகன் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு பேரும் சும்மா இருந்தா போதும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் தச்சரிடமிருந்து போன் வந்தது. காய்ச்சல், இன்றைக்கு எழுந்திரிக்கவே முடியவில்லை, நாளை மறுநாள் வருகிறேன் என்றார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தையற்காரர் போனை வைத்தார். நிமிர்ந்தால், எதிரே டிரைவர் சம்பந்தி.

"அதுக்கென்ன சம்பந்தி," என்றார் டிரைவர், ஏற்கெனவே கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "இப்பல்லாம் எல்லாமே வீடியோல இருக்கு. என் வீட்டுக் குழாயை நானே பாத்துத்தான் மாத்தினேன்."

"நானும் மிக்ஸியைப் பிரிச்சுச் சேத்திருக்கேன்," என்றார் தையற்காரர். சேர்த்த பிறகு ஒரு திருகாணி மிச்சமிருந்ததை அவர் சொல்லவில்லை.

அடுத்த அரை மணி நேரம் அந்தக் கூடம் பரீட்சை மண்டபம் போல இருந்தது. சோபாவின் இந்த மூலையில் இவர், அந்த மூலையில் அவர், ஆளுக்கொரு கைப்பேசி.

தையற்காரர் பார்த்த வீடியோவில் பேச்சே இல்லை. இரண்டு கைகள் மட்டும் தெரியும். அந்தக் கைகள் அளக்கும், கோடு போடும், இழைக்கும், நடுவில் ஒரு பூனை வந்தால் நகர்த்தி வைக்கும். அவருக்கு அது பிடித்திருந்தது. வேலை தெரிந்த கைக்கு வாய் எதற்கு என்று நினைத்துக்கொண்டார்.

டிரைவர் பார்த்த வீடியோவில் கைகளைவிட வாய்தான் அதிகம். தடித்த மீசைக்காரர் ஒருவர், "வணக்கம் நண்பர்களே" என்று ஆரம்பித்து, கதவு என்றால் என்ன என்பதிலிருந்து விளக்கினார். நடுநடுவே, மணிப் படத்தை அமுக்குங்கள் என்று கேட்டுக்கொண்டார். வாழ்க்கை முழுக்கச் சிக்னலுக்குக் கட்டுப்பட்ட டிரைவர், அவர் கேட்ட ஒவ்வொரு தடவையும் அமுக்கினார். இரண்டாம் தடவை அமுக்கினால் முதல் தடவை அமுக்கியது ரத்தாகிவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எதிர் வீட்டுப் பல் டாக்டரம்மாவிடம் ஒரு கருவிப் பெட்டி இருந்தது. பளபளவென்று, விலைச்சீட்டுக்கூடப் பிரிக்காமல்.

"நானும் வீடியோ பாத்துத்தான் வாங்கினேன் சார்," என்று இழைப்புளியை எடுத்துக் கொடுத்தார் அவர். "வாங்குற வரைக்கும்தான் பாத்தேன். கையை மட்டும் பத்திரமா வச்சுக்கங்க, எனக்கு ஈறுலதான் தையல் போட வரும்."

கதவைக் கழற்றுவதில் ஒரு குறையும் வரவில்லை. டிரைவர் கதவைத் தாங்கிப் பிடிக்க, தையற்காரர் கீல்களின் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தொலைந்துவிடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சிக்கல் அதற்குப் பிறகுதான். கதவைப் பால்கனிக்குக் கொண்டு போக வேண்டும். பால்கனி வாசல் குறுகல்.

"நீங்க முதல்ல போங்க சம்பந்தி," என்றார் டிரைவர்.

"ஐயோ, நீங்க இருக்கும்போது நானா? நீங்க போங்க."

"பெண்ணைக் குடுத்தவர் நீங்க. நீங்கதான் முன்னாடி."

"வயசுல மூத்தவர் நீங்க. அதெல்லாம் முடியாது."

ஒருவர் பின்வாங்க, மற்றவர் வழிவிட, நடுவில் மாட்டிக்கொண்ட கதவு கூடத்துக்குள்ளேயே காற்றாடி மாதிரி ஒரு முழுச்சுற்று சுற்றியது. கடைசியில் யார் முன்னால் போனார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. கதவு எப்படியோ பால்கனிக்கு வந்து சேர்ந்து, சுவரில் சாய்ந்து நின்றது. அவ்வளவு போதும் என்றிருந்தது இருவருக்கும்.

தையற்காரர் கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டார். சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் சாக்கட்டியை எடுத்தார். வீடியோவில் அந்தக் கைகள் செய்தது போலவே, குனிந்து, கதவு தரையைத் தொடும் விளிம்பிலிருந்து விரல் கனம் அளந்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே இழுப்பில் கோடு போட்டார். அப்படியே பக்க விளிம்பிலும் கோட்டை இறக்கினார். எத்தனை ஆயிரம் துணியில் போட்ட கோடு!

"கோடுன்னா இது கோடு," என்றார் டிரைவர். மனதாரத்தான் சொன்னார்.

தையற்காரருக்கு உச்சி குளிர்ந்தது. மகள் வந்து பார்க்கட்டும். கதவு பூப்போல நகரட்டும். 'அப்பா இருந்தா எனக்கு எவ்வளவு சௌகரியம்' என்று அவள் வாயால் வரட்டும். கடவுளே, அது ஒன்று போதும்.

கதவை நீளவாக்கில் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு ஸ்டூல்களை முட்டுக் கொடுத்தார்கள். இழைக்க யார் தொடங்குவது என்று மறுபடி ஒரு சுற்று உபசாரம் நடந்தது. அதற்குள் தையற்காரரின் கைப்பேசி அடித்தது. மகள்.

"பேசுங்க, பேசுங்க. நான் ஆரம்பிக்கிறேன்," என்று இழைப்புளியை வாங்கிக்கொண்டார் டிரைவர்.

தையற்காரர் சமையலறைக்குள் வந்து பேசினார்.

"அப்பா, டாக்டர் மதியமே போகலாம்னு சொல்லிட்டாங்க. கணக்கை முடிச்சுட்டு உடனே கிளம்பறோம்."

"மதியமேவா!"

"ஏன், சந்தோஷமா இல்லையா?"

"அட, இல்லைம்மா, சந்தோஷம்தான். குட்டி என்ன பண்றா?"

"கொட்டாவி விடறா. அப்பா, தச்சர் வந்தாரா?"

தையற்காரர் பால்கனிப் பக்கம் காதைக் கொடுத்தார். "வேலை நடந்துக்கிட்டிருக்கும்மா."

பொய் இல்லை. வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. பால்கனியிலிருந்து சரக், சரக் என்று சத்தம் வந்தது.

"நீங்களும் மாமாவும் எதையும் தொட்டுடாதீங்க, சரியா? அப்புறம், அந்தக் கட்டில் விஷயம்... நான் வந்து பேசறேன்ப்பா. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

போனை வைத்த பிறகுதான் அவர் மனம் நன்றாகக் குழம்பியது. குழப்பிக்காதீங்க என்று எதற்குச் சொன்னாள்? போகப் போகிறவரிடம்தானே அப்படிச் சொல்வார்கள்?

அந்த யோசனையோடு பால்கனி வாசலுக்கு வந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

டிரைவர் சம்பந்தி வேர்க்க விறுவிறுக்க இழைத்துக்கொண்டிருந்தார். மரச்சுருள்கள் அவர் காலைச் சுற்றிக் குவிந்து கிடந்தன. அவர் இழைக்கும் முனைக்குச் சற்றுத் தள்ளி, கதவின் உட்பக்கத்தில், தாழ்ப்பாள் இருந்தது. எட்டிப் போடுகிற மேல் தாழ்ப்பாள். தேய்ந்து, வண்ணம் போய், தரையைப் பிறாண்டிய தடத்தோடு கதவின் அடிப்பக்கம் பரிதாபமாக எதிர் முனையில் இருந்தது.

சம்பந்தி கதவின் தலையை இழைத்துக்கொண்டிருந்தார்.

தையற்காரர் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார்.

முதலில் மரியாதைதான் தடுத்தது. மாப்பிள்ளையின் அப்பா. அவர் செய்வது தப்பு என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்கு அவர் மனம் கோணினால், அது மகளின் வீட்டுக்குள் அல்லவா வந்து உட்காரும்?

ஆனால் மரியாதைக்குப் பின்னால் இன்னொன்றும் மெதுவாக எட்டிப் பார்த்தது. கதவைக் கெடுத்தவர் யார் என்று மகள் கேட்பாள். சம்பந்திதான் என்று தானாகவே தெரிந்துவிடும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அப்புறம் யாரைத் தங்கச் சொல்வாள்?

சரக், சரக். ஒரு சுருள் பறந்து வந்து அவர் காலடியில் விழுந்தது.

தையற்காரர் அந்தச் சுருளைப் பார்த்தார். தன்னை யாரோ கண்ணாடியில் காட்டிய மாதிரி இருந்தது. ஊர் உலகத்தில் யாருக்கும் தெரியாத நினைப்புத்தான். ஆனால் தினமும் கை கூப்பி நிற்கிற இடத்தில் அது தெரியாமலா இருக்கும்? பேத்தி இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிற நாளில், அவளுடைய இன்னொரு தாத்தா அவமானப்பட வேண்டும் என்றா நிற்கிறேன்? ஒன்றும் சொல்லாமல் நிற்பதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டு?

"சம்பந்தி," என்றார் சத்தமாக. "நிறுத்துங்க."

டிரைவர் சடாரென்று நிறுத்தினார். பழக்கதோஷம், வலது கால் கீழே அழுத்தியது. "என்ன, ஆழமா போகுதா?"

"அது வந்து... அது மேல்பக்கம்."

டிரைவர் நெற்றி வேர்வையை வழித்தார். "ஆமா."

"ஆமாவா?"

"தாழ்ப்பாள் இருக்கே. ஆரம்பிக்கும்போதே பாத்தேன்."

"பாத்துட்டா இழைச்சீங்க!"

"கோடு இங்கதானே இருந்தது?" என்றார் டிரைவர், குழந்தை மாதிரி.

தையற்காரர் கிட்டே போய்க் குனிந்தார். இழைத்தது போக, பக்க விளிம்பில், வெள்ளை வெளேரென்று அவருடைய சாக்கட்டிக் கோடு. ஒரு நூல் பிசகாமல், அழகாக, தப்பான முனையில்.

கூடத்தில் கதவு காற்றாடி சுற்றியது அவருக்கு ஞாபகம் வந்தது. கதவு தலைகீழாகத்தான் சாய்ந்து நின்றிருக்கிறது. அவர் குனிந்து, தரையில் இருந்த முனைதான் அடி என்று, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கோடு போட்டிருக்கிறார். தாழ்ப்பாள் சுவர்ப் பக்கம் இருந்தது. வண்ணம் தேய்ந்த முனை அவர் தலைக்கு மேலே.

"ஏன் சம்பந்தி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"எப்படிக் கேக்கறது? அளவெடுக்கறது உங்க தொழில். பெண்ணைக் குடுத்தவர், கோடு போட்டுட்டு நிக்கறீங்க. அதைப் போய் நான் தப்புன்னு சொல்றதா? ஒருவேளை உங்க வீடியோல மேலயும் கொஞ்சம் எடுக்கச் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன். பஸ் ஓட்டுறப்போ கண்டக்டர் விசிலடிச்சா எடுத்துடுவேன். எதுக்கு அடிச்சீங்கன்னு ஒரு நாளும் கேட்டதில்லை."

தையற்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சற்று முன்பு அவர் எந்தத் தப்பைச் சம்பந்தி தலையில் கட்டிவிட நினைத்தாரோ, அது முழுக்க முழுக்க அவருடையதேதான். அதைத் தெரிந்துகொண்டும், அவர் மனம் நோகக் கூடாதென்று வேர்க்க வேர்க்க இழைத்துக்கொண்டிருந்திருக்கிறார் இந்த மனிதர்.

முதலில் வெட்கம் வந்தது. வெட்கத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு வந்தது. டிரைவருக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், எதிர் பால்கனிக்கு டாக்டரம்மா ஓடி வந்துவிட்டார்.

"கை இருக்கா சார்?"

"கை இருக்கு டாக்டரம்மா. கதவுக்குத்தான் தலை இல்லை," என்றார் டிரைவர்.

"துணியா இருந்தா மடிச்சதைப் பிரிச்சு நீளமாக்கிடலாம்," என்று பெருமூச்சு விட்டார் தையற்காரர். "மரத்தை என்ன பண்றது? போனது போனதுதான். சம்பந்தி, அவங்க மதியமே வர்றாங்க. கிளம்பிட்டாங்க."

சிரிப்பு அங்கேயே நின்றது.

அதற்குப் பிறகு அங்கே உபசாரத்துக்கு நேரமில்லை. "நீங்க", "நீங்க" எல்லாம் காற்றில் போயிற்று. "அந்தப் பக்கம் பிடிங்க", "கொஞ்சம் தள்ளுங்க", "கோடு எங்கே, காட்டுங்க" என்று வார்த்தைகள் பறந்தன. இந்தத் தடவை கோடு போட்டதும் டிரைவர் முனையைத் தொட்டுப் பார்த்து, "அடிதானே?" என்றார். "அடி," என்றார் தையற்காரர். "சத்தியமா?" "சத்தியமா." மாற்றி மாற்றி இழைத்தார்கள். கைப்பேசியில் மீசைக்காரர் பேசிக்கொண்டே இருந்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

கதவைத் தூக்கி நிலையில் நிறுத்தி, மேல் கீலில் ஒரே ஒரு திருகாணியை முடுக்கியிருந்தார்கள். கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தையற்காரர் அவசரத்தில் பையில் கை விட, திருகாணிகள் தரையில் சிதறி, சோபாவுக்கு அடியில் உருண்டோடின.

"கதவை விட்டுடாதீங்க!" என்றார் டிரைவர்.

"நீங்க விட்டுடாதீங்க!"

மகள் குழந்தையோடு உள்ளே வந்தபோது, படுக்கையறை வாசலில் இரண்டு தாத்தாக்களும் ஆளுக்கொரு பக்கம் கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அரண்மனைக் காவலர்கள் மாதிரி நின்றிருந்தார்கள். தலையிலும் மீசையிலும் மரத்தூள். காலைச் சுற்றிச் சுருள் சுருளாகச் சீவல்.

மகள் வாசலிலேயே நின்றாள். கதவைப் பார்த்தாள். கதவுக்கு மேலே, நிலைக்கும் கதவுக்கும் நடுவே, பகல் வெளிச்சம் பட்டையாக விழுந்த இடைவெளியைப் பார்த்தாள்.

"தச்சர் எங்கே?"

"காய்ச்சலாம்மா," என்றார் தையற்காரர் மெதுவாக.

"மேல என்னப்பா அவ்வளவு பெரிய சந்து?" என்று மருமகன் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "யாரு இழைச்சது?"

"நான்தான்டா," என்றார் டிரைவர் உடனே. யோசிக்கக்கூட இல்லை. "தலை எது, கால் எதுன்னு பாக்காம இழைச்சுட்டேன். சம்பந்தி போன்ல இருந்தாரு. அவர் மேல ஒண்ணும் இல்ல."

சாக்கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தையற்காரர் பக்கத்தில் நின்று, இந்த மனிதரின் பக்கவாட்டு முகத்தைப் பார்த்தார். அவருக்கும் ஊரில் ஒரு பூட்டிய வீடுதான். அவருக்கும் இந்தப் பேத்தி ஒருத்திதான். சும்மா இருந்தால் போதும். கட்டில் தையற்காரருக்கு வந்துவிடும்.

"இல்ல மாப்பிள்ளை," என்றார். "கோடு போட்டது நான். தப்பான முனையில போட்டுட்டேன். அவருக்கு அது தெரியும். என்னைத் தப்பு சொல்லக் கூடாதுன்னு, தெரிஞ்சே இழைச்சிருக்காரு." கதவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு கட்டில்னா, சம்பந்தி இருக்கட்டும்மா. நான் நாளைக்குக் கிளம்பறேன். குழந்தை பக்கத்துல இருக்க இந்த மாதிரி மனசுதான் வேணும்."

சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் பார்வை அந்தச் சின்ன அறைப் பக்கம் போனது.

"அதெப்படி? நீங்க போவீங்க, நான் இருப்பேனா?" என்று திரும்பினார் டிரைவர். அவர் திரும்பியதில் கதவு ஆடியது.

"கதவு!" என்று அலறினார் மருமகன்.

மகள் இரண்டு பேருக்கும் நடுவே நடந்து உள்ளே போனாள். குழந்தையைப் படுக்கையில் கிடத்தினாள். மருமகன் சோபாவுக்கு அடியில் படுத்து, திருகாணிகளைப் பொறுக்கித் தந்தார். தாத்தாக்கள் ஒவ்வொன்றாக முடுக்கினார்கள். கடைசித் திருகாணி ஏறியதும், தையற்காரர் ஒற்றை விரலால் கதவைத் தொட்டார். கதவு சத்தமே இல்லாமல், தரையைத் தொடாமல், பூப்போல நகர்ந்து சாத்திக்கொண்டது.

கூடத்தில் மூன்று பேரும் கதவையே பார்த்து நின்றார்கள்.

உள்ளே குழந்தை ஒரு சின்னச் சத்தம் செய்தது. தும்மலா, விக்கலா, கொட்டாவியா தெரியவில்லை. மேலே இருந்த சந்து வழியாக அது அப்படியே கூடத்துக்கு வந்து விழுந்தது. இரண்டு தாத்தாக்களின் முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்தது.

அதே சந்து வழியாக மகளின் குரலும் வந்தது. "சந்தை அடைக்க வேண்டாம். உள்ள இருந்து கூப்பிட்டா கேக்கும். வெளியில பேசறதும் எனக்குக் கேக்குது, ஞாபகம் இருக்கட்டும்."

"கேக்கட்டும்மா," என்ற டிரைவர், மகனைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "இதையும் கேட்டுக்கோ. இந்த மீசைக்காரர் இருக்காரே, அவர் இன்னொரு வீடியோவும் போட்டிருக்காரு. அடுக்குக் கட்டில். ஒண்ணுக்கு மேல ஒண்ணு. இருக்கற கட்டிலுக்கு மேலயே நாலு கால் குடுத்து இன்னொண்ணு. பலகை வாங்கினா, வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள..."

"அப்பா, வேண்டாம்," என்றார் மருமகன் மன்றாடும் குரலில். "சொன்னா கேளுங்க. இது கதவு, விழுந்தா சத்தம்தான் வரும். அது கட்டில்!"

"நான் அளவெடுக்கறேன்," என்றார் தையற்காரர். அவர் வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று அவருக்கே தெரியாது. கழுத்து நாடா ஏற்கெனவே கையில் இருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. தையலை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள் போலிருக்கிறது.

"சரி, நான் முடிவு சொல்லிடறேன்," என்றது குரல். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் ரெண்டு பேரும் இருக்கலாம். அவருக்கு சோபா, நீங்க ரெண்டு பேரும் எப்படியோ சமாளிச்சுக்கங்க. கட்டில் நின்னா ரெண்டு பேரும் இங்கேயே இருங்க. விழுந்தா ரெண்டு பேரும் கிளம்புங்க. ஒருத்தரை வச்சுக்கிட்டு ஒருத்தரை அனுப்ப என்னால முடியாது."

மருமகன் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

சம்பந்திகள் இரண்டு பேரும் சின்ன அறைக்குள் போனார்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, தோளோடு தோள் இடிக்க நின்றார்கள். தையற்காரர் மனதுக்குள் கடவுளுக்கு ஒரு நன்றி சொல்லி, நாடாவை விரித்தார்.

"சம்பந்தி, ஒரு விஷயம்," என்றார். "இந்தத் தடவை நான் தப்பாப் பண்ணினா வாயைத் திறந்து சொல்லிடணும். மரியாதை கிரியாதை எல்லாம் பாக்கக் கூடாது. மேல படுக்கப் போறது நானோ நீங்களோ, விழுந்தா ரெண்டு பேருக்கும் அடி."

"கண்டிப்பா சொல்றேன்," என்றார் டிரைவர். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "இப்பவே சொல்றேன். நாடாவைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க."